மூடி விளம்பரமும் ஃபாங்கின் ஒரு வரியும்

தைவானில் புயல் வருகிறது என்றால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, கைபேசியைப் பார்ப்பார்கள். காற்றின் வேகம், அலையின் உயரம், எந்த மலை சரியும் என்பதெல்லாம் அப்புறம். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? அதுதான் கேள்வி. மாவட்ட அலுவலகம் முந்தின நாள் எட்டு மணிக்குப் பதில் சொல்லும். ஏழு மணிக்கே மாவட்டத் தலைவரின் இணையப் பக்கத்தில் கெஞ்சல் தொடங்கிவிடும். "தலைவரே, எங்க வீட்டு ஜன்னல் இப்பவே ஆடுது." "பக்கத்து மாவட்டத்துல லீவு விட்டாச்சு, நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?" "அடுத்த தேர்தல் ஞாபகம் இருக்கட்டும்." இப்படிக் கெஞ்சுகிறவர்களில் பாதிப் பேர் விடுமுறை கிடைத்ததும் கரோக்கி அறைக்குப் பாடப் போவார்கள். உயிருக்குப் பயந்து விடுமுறை கேட்டவர்கள் அதே காற்றில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய்த் தொண்டை கிழியப் பாடுவார்கள். நானும் போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் பெய்-ஜென். வடகிழக்குக் கரையில் 'துறைமுகச் செய்தி' என்ற சின்ன இணையதளத்தில் விளம்பரம் பார்க்கிறவள். மதியச் சோற்றுப் பெட்டி விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அலுவலகம். பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் செய்தி எல்லாம் பொரித்த பன்றித் துண்டு வாசனை அடிக்கும். முதலாளி காவ், முன்பு வீட்டுத் தரகராக இருந்தவர். செய்தியாளர் ஃபாங். நான். அப்புறம் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் ஒருவர்; ஆறு வருடமாக அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை, எங்களுக்கு அவர் ஒரு பூனைப் படம். சர்வர் பெட்டி ஒழுங்காக நடந்துகொள்ள அதன் தலையில் பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றை வைத்திருக்கிறோம்; அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் அர்த்தம். இதைச் செய்யாத அலுவலகம் எங்கேயாவது இருந்தால் அங்கே வேலைக்குச் சேராதீர்கள்.

ஃபாங்குக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சட்டையில் எப்போதும் எங்கேயாவது சோயா சாற்றுக் கறை. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு புயலுக்கும் மாவட்ட அலுவலகத்துக்குத் தானே போன் போட்டு, தலைவர் கையெழுத்து விழுந்ததா என்று கேட்டு, ஒரே ஒரு வரி எழுதுவார். "நாளை விடுமுறை. ஃபாங்." அல்லது, "நாளை வழக்கம்போல் வேலை, வகுப்பு. ஃபாங்." அவ்வளவுதான். ஒரு முறை தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் விடுமுறை, விடுமுறை என்று கத்திக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர்தான் வேலை என்று எழுதினார். இவர் எழுதியதுதான் சரியாக இருந்தது. அதிலிருந்து எட்டு மணி ஆனால் ஊரில், "ஃபாங் என்ன சொல்லிட்டார்?" என்றுதான் கேட்பார்கள். காய்கறிக்காரி எல்லாருக்கும் இரண்டு வெங்காயத்தாள் சும்மா போடுவாள், இவருக்கு மட்டும் ஒரு கட்டு. சொந்த வீடு இல்லாத, சேமிப்பு இல்லாத மனிதருக்கு அந்த ஒரு வரிதான் சொத்து. அதை நான் தொலைத்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் விளம்பரங்கள் பல ரகம். பக்கத்தின் தலையிலும் ஓரத்திலும் சதுரமாக ஒட்டியிருப்பது பதாகை. அதை யாரும் பார்ப்பதில்லை. ஓரத்தில் என் கல்யாணப் படத்தைப் போட்டால் என் கணவருக்கே தெரியாது. ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் கூடவே வருவது அடிப்பட்டை. எங்கள் தளத்தில் அதில் பெரும்பாலும் கால் பூஞ்சைக் களிம்பு. கட்டைவிரல் தவறிப் பட்டுத்தான் அதைத் தொடுவார்கள். அறிக்கையில் அதை 'ஆர்வம்' என்று எழுதுவேன். தானாகப் பேச ஆரம்பிக்கும் வீடியோ, பேருந்தில் உங்களைத் திருடனைப் போல விழிக்க வைக்கும். செய்தி வேஷம் போட்டு வருவது இன்னொன்று: "இந்த ஊர்ப் பெண்மணி செய்ததைப் பார்த்து மருத்துவர்கள் வாயடைத்துப் போனார்கள்." புதுச் சன்னல் திறந்து குதிக்கும் பழைய ரகத்தை உலாவிகள் எல்லாம் சேர்ந்து ஒழித்துக் கட்டிவிட்டன. யாரும் அழவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ராஜா, மூடி. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது நடுவில் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வந்து நிற்குமே, அது. பதாகை உங்களைக் கூப்பிடும்; மூடி உங்களைப் பிடித்து நிறுத்தும். மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், தொட்டால் மூடி விலகும். அந்தக் குறியை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு வெளிறிய சாம்பல் நிறத்தில், எத்தனை நொடி கழித்துக் காட்டலாம் என்பதில்தான் என் பதினாறு வருட அனுபவமும் இருக்கிறது. கல்லூரியில் நான் படித்தது இலக்கியம்.

ஆகஸ்டில் அந்த வருடத்தின் பதினோராவது புயல் கிழக்கிலிருந்து கிளம்பியது. கடைகளில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் தீர்ந்த அன்று முதலாளி காவ் என் மேசைக்கு வந்தார்.

"பெய்-ஜென், இந்தத் தடவை மூடி போட்டுடு. எட்டு மணிக்கு மாவட்டமே நம்ம வாசல்ல வந்து நிக்கும். சும்மா உள்ள விடறதுக்கு நாம என்ன சத்திரமா நடத்தறோம்?"

ஃபாங் எதிர் மேசையிலிருந்து தலை தூக்கினார். "என் வரிக்கு முன்னாடியா?"

"உன் வரி எங்கயும் ஓடிடாது ஃபாங். அஞ்சே நொடி."

"அஞ்சு நொடி தண்ணிக்குள்ள தலைய வெச்சுப் பாருங்க முதலாளி, எவ்வளவு நேரம்னு தெரியும்."

"பத்தொம்பது வருஷமா ஒத்த வரி எழுதறவன் நேரத்தப் பத்திப் பேசறான் பாரு," என்று முதலாளி என்னிடம் சொன்னார். "அந்த ஒத்த வரியிலயும் கால்வாசி இவன் பேரு."

"நீயாவது சொல்லு பெய்-ஜென்," என்றார் ஃபாங்.

"அண்ணே, பதாகையில வர்றத வெச்சு உங்க போன் பில்லக்கூட கட்ட முடியாது," என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் என்னை நம்பிக் கேட்ட நேரத்தில் முதலாளி பக்கம் நின்று சொன்ன உண்மை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

மூடியை வாங்கியது பொற்குரல் கரோக்கி மாளிகை. அதன் சொந்தக்காரி அ-ஸூ, விரல் தவறாமல் மோதிரம் போட்டவள், நேரிலேயே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"பெரிசாப் போடு தங்கச்சி. 'நாளை விடுமுறை!' எதிர் சாரியில நிக்கறவன் படிக்கணும். செவப்புல."

"இன்னும் அறிவிக்கவே இல்லையே அக்கா."

"அறிவிச்சாத்தானே எனக்கு வியாபாரம்? கீழ சின்னதா ஒரு வரி சேத்துக்கோ. 'என அறிவிக்கப்பட்டால், காலை பத்து முதல் எல்லா அறைகளும் பாதிக் கட்டணம்.' சட்டப்படி ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. என் மச்சான் வக்கீல்கிட்ட டிரைவரா இருந்தவன், எல்லாம் தெரியும்."

அப்படியே செய்தேன். மேலே சிவப்பில் 'நாளை விடுமுறை!' நடுவில் ஒலிவாங்கி பிடித்து ஆடும் நண்டு. கீழே அந்தச் சின்ன வரி. பெருக்கல் குறி ஐந்து நொடி கழித்து. எங்கள் தளத்தில் மூடி தலைப்பை மட்டும் மறைக்காது; அதனால் மேலே அது வழக்கம்போல இருந்தது: 'ஃபாங் நேரடித் தகவல்', பக்கத்தில் ஃபாங்கின் படம். மேசைக் கணினியில் போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது. கைபேசியில் பார்க்கவில்லை. பசி நேரம், கீழே கோழிக்கால் சோறு தீர்ந்துவிடும் என்ற அவசரம்.

கைபேசியில் அடிப்பட்டை எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். மூடி வரும்போது பட்டையை அணைத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான். எனக்குத் தெரிந்த பொத்தான். மறந்துவிட்டேன். அதனால் மாவட்டத்தின் அத்தனை கைபேசிகளிலும், 'என அறிவிக்கப்பட்டால்' என்ற வரியின் மேல் அளவெடுத்து வைத்தாற்போல் கால் பூஞ்சைக் களிம்பு உட்கார்ந்துகொண்டது.

எட்டு மணிக்கு ஃபாங் போனை வைத்தார். இரண்டு விரலால் தட்டினார். "நாளை வழக்கம்போல் வேலை, வகுப்பு. ஃபாங்." புயல் வடக்கே திரும்புகிறதாம். நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். என் திரையில் வருகைக் கோடு செங்குத்தாக ஏறியது. முதலாளி கைதட்டினார்.

ஐந்து நொடி காத்திருந்தால் மூடி விலகும், அடியில் ஃபாங்கின் வரி தெரியும். யார் காத்திருப்பார்கள்? தலைப்பில் ஃபாங் முகம், கீழே சிவப்பில் நாளை விடுமுறை. போதாதா? திரையைப் படம் பிடித்தார்கள், குடும்பக் குழுவில் போட்டார்கள், அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் படம் என் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியது என் மாமியார், கூடவே ஒரு தாமரைப் பூவும் வைத்து: "நாளைக்கு லீவு. ஃபாங்கே சொல்லிட்டார். எல்லாரும் நல்லாத் தூங்குங்க."

அப்போதுதான் களிம்பைப் பார்த்தேன். பட்டையை அணைத்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன்.

"எத்தன பேரு பாத்தாச்சு?" என்றார்.

"ஒரு லட்சத்துக்கு மேல."

"அப்ப இனிமே என்ன பண்ணி என்ன ஆகப்போகுது? விடு."

"ஃபாங் அண்ணேகிட்ட சொல்லணும் முதலாளி."

"எதுக்கு? அவன் எழுதினது சரியாத்தானே இருக்கு? அவனுக்கு ஒரு குறையும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

நான் ஃபாங்குக்குப் போன் பண்ணவில்லை. முதலாளி தடுத்தார் என்று சொல்லலாம், பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் வெற்று மேசைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மீன் உருண்டைத் தொழிற்சாலையில் முப்பது பேர் நிற்கும் வரிசையில் ஆறு பேர். பொற்குரல் மாளிகையில் பதினோரு மணிக்கு நிற்க இடமில்லை. பாதிக் கட்டணம் கேட்டவர்களிடம் அ-ஸூ, "விடுமுறைதான் அறிவிக்கலையே," என்று சொல்லி முழுக் கட்டணம் வாங்கினாளாம். மத்தியானம் எங்களுக்கு ஒரு பெட்டி அன்னாசிப் பலகாரம் அனுப்பி வைத்தாள்.

சாயங்காலம் ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், உடம்பெல்லாம் மீன் வாசனை.

"யாரு இங்க ஃபாங்?"

ஃபாங் எழுந்தார். "நான்தாம்மா."

"நான் லியென். மீன் உருண்டைத் தொழிற்சாலை. மூணு மாசமா ஒரு நாளு லீவு போடல. காய்ச்சல்லகூட நின்னு மீன் அரைச்சேன். முழு வருகை போனஸ் இந்த மாசம் கைக்கு வரணும். உன்ன நம்பித் தூங்கினேன். போச்சு."

"நான் வேலைன்னுதானேம்மா எழுதினேன்?" ஃபாங் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் தன் கைபேசியை நீட்டினாள். "இது யாரு மூஞ்சி? உன் மூஞ்சிதானே? கீழ என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படி."

ஃபாங் படித்தார். அவர் காது மடல் சிவந்தது. "இது... விளம்பரம்மா."

"யாருகிட்ட கதை விடற? விளம்பரம்னா கால் களிம்பு. அதுதான் கீழ தனியா இருக்கே! எனக்கு விளம்பரம் எது, சேதி எதுன்னு தெரியாதா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு கரோக்கி இலவசச் சீட்டை எடுத்து நீட்டினார். "இதை வெச்சு என்ன பண்ண, என் கதைய ராகம் போட்டுப் பாடவா?" என்றாள் லியென். ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் போனாள். ஃபாங் என் பக்கம் திரும்பினார். நான் சர்வர் பெட்டியின் மேலிருந்த பொட்டலத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் காய்கறிக்காரி ஃபாங்குக்கு வெங்காயத்தாள் போடவில்லை. ஒரு கட்டும் இல்லை, ஒரு தாளும் இல்லை. "மறந்திருப்பா," என்று அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் வந்த கருத்துகளை எல்லாம் உட்கார்ந்து படித்தார். 'ஃபாங் எவ்வளவுக்கு விலை போனார்?' 'பத்தொன்பது வருட நடிப்பு.' 'என் பிள்ளைக்குப் பரீட்சை போச்சு, நீ நல்லா இரு.' நியாயமாகப் பார்த்தால் திட்டு எனக்கு வர வேண்டியது. திட்டுகிறவர்களுக்கு என் பெயரே தெரியாது. விளம்பரக்காரிக்கு இருக்கும் பெரிய வசதி அது.

ஃபாங் விளக்கம் சொல்ல ஆசைப்பட்டார். முதலில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சதுரத்தில் போட்டோம்: 'நான் எழுதியது வேலை என்றுதான். ஃபாங்.' பதினோரு பேர் தொட்டார்கள். அதில் மூன்று பேர் நாங்கள், ஒன்று பூனை. பிறகு கட்டுரையாக எழுதினார், நீளமாக, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்லி. அடிப்பட்டை விஷயம் அவருக்குத் தெரியாதே, அதனால் அந்த இடத்தில் மட்டும் 'ஏதோ தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினார். அதன் கீழே முதலில் வந்த கேள்வி: "இந்தக் கட்டுரைக்கு எந்தக் கடை காசு கொடுத்தது?"

செப்டம்பரில் பதினான்காவது புயல் வந்தது. இது விளையாட்டுப் புயல் இல்லை. மீன்பிடிப் படகுகளை மூன்று கயிறு போட்டுக் கட்டினார்கள், கண்ணாடிகளில் எல்லாம் குறுக்கே நாடா ஒட்டினார்கள். அன்று மத்தியானம் ஃபாங் என் மேசைக்கு வந்தார்.

"உன் மூடி ஒண்ணு எனக்குக் கொடு பெய்-ஜென்."

"எதுக்கு அண்ணே?"

"ஓரத்துல போட்டா எவனும் பாக்கல. கட்டுரையா எழுதினா எவனும் நம்பல. ஜனங்க கண்ணு போற இடம் அது ஒண்ணுதான்னு நீதானே சொல்லுவ? என் வரிய அங்க போடு. பெரிசா. செவப்புல. நண்டு வேணாம்."

மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததிலிருந்து முதலாளிக்கும் கொஞ்சம் பயம் பிடித்திருந்தது. "ஒரு புயலுக்கு மட்டும்," என்று சம்மதித்தார்.

"பெருக்கல் குறி பெரிசா இருக்கணும்," என்றார் ஃபாங். "மொத நொடியிலேயே இருக்கணும். யாரையும் புடிச்சு நிறுத்தக் கூடாது. படிச்சாங்களா, போனாங்களான்னு இருக்கணும்."

என் வாழ்க்கையில் நான் செய்த நேர்மையான மூடி அதுதான். அடிப்பட்டையை அணைத்தேன். பதினோரு கைபேசிகளில் போட்டுப் பார்த்தேன், கீழே சோற்றுப் பெட்டிக்காரரின் கைபேசி உட்பட. எட்டு மணிக்கு ஃபாங் போன் பேசி முடித்தார். மூடி தளத்துக்குப் போனது: 'நாளை விடுமுறை. ஃபாங்.'

கோடு ஏறியது. போன புயலை விடக் குறைவு, ஆனால் ஏறியது. ஃபாங் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இந்த நம்பர் என்ன?"

"சராசரியா எவ்வளவு நேரம் பாக்கறாங்கன்னு. முக்கால் நொடி."

"நல்லா வேகமாப் படிக்கறாங்க," என்றார், பல நாள் கழித்துச் சிரித்த முகமாக.

முக்கால் நொடியில் யாரும் எதையும் படிப்பதில்லை. அது விரல் பெருக்கல் குறியைத் தேடிப் போகிற நேரம். மூடி வந்தால் மூடு, என்ன இருந்தாலும் மூடு. பதினாறு வருடமாக நானும் என்னைப் போன்றவர்களும் சேர்ந்து ஊர் விரலுக்குக் கொடுத்த பயிற்சி. எனக்கு அது நன்றாகத் தெரியும். "ஆமாம் அண்ணே," என்றேன்.

காற்று பலமாகிவிட்டதால் இரண்டு பேரும் அலுவலகத்திலேயே நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். விடிந்தது தெரியாமல் விடிந்தது. ஆறு மணிக்கு ஃபாங்கின் மேசைப் போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். முதலில் வெறும் காற்று. அப்புறம் ஒரு குரல்.

"ஃபாங்கா? நான் லியென். மீன் உருண்டை. உன்னத் திட்டறதுக்குப் போன் பண்ணல, பயப்படாத. இந்தத் தடவை நான் ஏமாறலன்னு சொல்லத்தான் பண்றேன்."

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"தொழிற்சாலை வாசல்ல. வீட்டுல கரண்டு இல்ல, டிவி இல்ல. உன் பக்கத்தத் தொறந்தா மறுபடியும் அதே செவப்பு, அதே நாளை விடுமுறை! அடிச்சேன் பாரு பெருக்கல் குறிய. அடிச்சிட்டுப் போனையும் அணைச்சுப் படுத்துட்டேன். மனுஷி ஒரு தடவைதானே முட்டாளா இருப்பா? எவ்வளவு போடுவாங்க உனக்கு, ஒரு தடவைக்கு?" குரல் காற்றில் போய்விட்டுத் திரும்பி வந்தது. "ஸ்கூட்டர்தான் பாலத்துல சாஞ்சிடுச்சு. நடந்தே வந்தேன். கை ஒரு மாதிரி தொங்குது. கேட்டு இன்னும் தொறக்கல. நான்தான் மொத ஆளு போலிருக்கு."

ஃபாங் கார் சாவியை எடுத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சாலையில் ஓர் இரும்புத் தகரக் கூரை முழுசாகப் புரண்டுகொண்டிருந்தது. பத்து நிமிடத் தூரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. லியென் காவலாளி அறையின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல், இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு. மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகம் வெளுத்திருந்தது, ஆனால் எங்களைப் பார்த்ததும் கெத்தாகத்தான் பார்த்தாள்.

"இன்னைக்கு லீவும்மா," என்றார் ஃபாங். "நெசமாவே லீவு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நீ சொல்றியா, விளம்பரமா?"

மழை ஃபாங்கின் கண்ணாடியில் வழிந்தது. அந்த மனிதர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேருமாக அவளைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்கார வைத்தோம். மருத்துவமனைப் பக்கம் வண்டி திரும்பியதும் நான் சொல்லிவிட்டேன். கோழிக்கால் சோறு, பொத்தான், களிம்பு, மாமியாரின் தாமரை, அன்று நான் பண்ணாத போன், நேற்று முக்கால் நொடியைப் பார்த்துவிட்டும் சொன்ன 'ஆமாம் அண்ணே', எல்லாவற்றையும். லியென் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப அவரு வேலைன்னுதான் எழுதினாரா?" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டு தடவையும் சரியாத்தான் எழுதினாரு."

"அட கடவுளே," என்றாள் அவள். தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஃபாங் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மேல் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சரி. இப்ப எங்கிட்ட சொன்னியே, இத அப்படியே உன் பேர் போட்டு எழுதிடு. எங்க போட்டா ஜனங்க படிப்பாங்க? அதை மட்டும் நீ சொல்லு. உன் தொழில்தானே?"

மேலே, ஓரத்தில், அடியில், நடுவில், செய்திக்குள், செய்திக்கு முன்னால் என்று ஒவ்வோர் இடமாக நினைத்துப் பார்த்தேன். மருத்துவமனை வாசல் வந்து, லியெனைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபாங் வண்டியை அணைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு ஓர் இடமும் தெரியவில்லை.